கஞ்சாவும் கட்டி முடியாத மூளையும்



"கஞ்சா வெறும் செடிதானே? சாமியார்களெல்லாம் புகைக்கிறார்களே! சிகரெட்டைவிட இது மேல்" என்று மைதானத்தின் ஓரத்தில் யாராவது ஓர் அண்ணன் சொல்லக் கேட்டிருப்பீர்கள். செடி என்பது உண்மைதான். அரளியும் செடிதான், ஊமத்தையும் செடிதான். அந்த வாதத்தை இத்துடன் விட்டுவிட்டு, அப்புகை உடலுக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

1964-இல் இஸ்ரேல் நாட்டு வேதியியல் அறிஞர்களான மெக்கூலமும் கவோனியும் கஞ்சாவில் மயக்கம் தரும் பொருளைத் தனியே பிரித்து அதன் அமைப்பைக் கண்டறிந்தனர். டெட்ரா ஹைட்ரோ கன்னாபினால் என்பது அதன் பெயர், சுருக்கமாக டி.எச்.சி. செடியில் உள்ள ஒரு பொருளுக்கு மனித மூளை ஏன் மயங்க வேண்டும்? இதற்கு விடை கிடைக்கக் கால் நூற்றாண்டு ஆயிற்று. டி.எச்.சி. சென்று ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் நம் நரம்பணுக்களில் இருப்பது 1988-இல் தெரியவந்தது. ஏற்பியை ஒரு பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு செடிக்காகவா மூளை பூட்டுச் செய்து வைத்திருக்கும்? அதற்குரிய சாவி நம் உடலிலேயே உண்டாகிறது. 1992-இல் அதைக் கண்டுபிடித்தவர்கள் நமது 'ஆனந்தம்' என்ற சொல்லையே எடுத்து அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயரிட்டார்கள்!

இயற்கைச் சாவி வேண்டிய இடத்தில் உண்டாகி, வேலை முடிந்ததும் விரைவில் சிதைந்துவிடும். டி.எச்.சி. அப்படியன்று. மூளை முழுதும் பரவிப் பல மணி நேரம் பூட்டுகளில் செருகி நிற்கும். அதனால்தான் புகைத்தவனுக்குச் சற்றுமுன் கேட்டது மறக்கிறது. நேரம் நீண்டு தோன்றுகிறது. பிரேக் பிடிக்கக் கை தாமதிக்கிறது.

இது பெரியவர்களுக்கும் பொதுதானே, எங்களுக்கு மட்டும் ஏன் தனி எச்சரிக்கை என்பீர்கள். திட்டமிடவும் அவசரத்தை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயதை ஒட்டியே முதிர்கிறது. வேண்டாத நரம்பிணைப்புகள் நீங்கி, வேண்டியவை உறுதிப்படும் காலம் உங்களுடையது. அந்த வேலையிலும் இதே பூட்டுக்கும் சாவிக்கும் பங்குண்டு. கான்கிரீட் இறுகுமுன் முட்டுகளை அசைப்பார்களா?

சுவீடனில் 1969-70-இல் இராணுவப் பயிற்சிக்கு அழைக்கப்பட்ட சுமார் 45,000 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அழைக்கப்பட்டபோதே ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களிடையே 'ஸ்கிசோஃப்ரீனியா' என்னும் கடும் மனநோய், புகைக்காதவர்களைவிட ஆறு மடங்கு காணப்பட்டது. இந்த ஆய்வு 1987-இல் வெளியாயிற்று. பிற காரணங்களைக் கழித்துப் பார்த்த பின்னாளைய கணக்குகளில் இந்த அளவு குறைந்தது, ஆனால் மறையவில்லை. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் 1972-73-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்த ஆய்வு, பதின்வயதில் தொடங்கி விடாமல் புகைத்தவர்களின் அறிவுத்திறன் மதிப்பெண் 38 வயதுக்குள் சுமார் 8 புள்ளிகள் குறைந்ததாக 2012-இல் கூறியது. இரட்டையரை ஒப்பிட்ட வேறோர் ஆய்வோ, இதற்குக் குடும்பச் சூழலே காரணமாகலாம் என்றது. விஞ்ஞானத்தில் இப்படி வழக்காடுவது இயல்பு. அடிமையாவது பற்றி அவ்வளவு சண்டை இல்லை: புகைத்துப் பார்ப்பவர்களில் பதினொருவருக்கு ஒருவர் அடிமையாகிறார் என்றால், பதின்வயதில் தொடங்குபவர்களில் அது ஆறு பேருக்கு ஒருவர்.

சரக்கும் பழைய சரக்கு அல்ல. அமெரிக்காவில் பறிமுதலான கஞ்சாவில் 1995-இல் 4 சதவீதமாக இருந்த டி.எச்.சி. 2014-இல் 12 சதவீதமாயிற்று. 2018-இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடாவும் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்க அனுமதிக்கவில்லை. அதன் கியூபெக் மாநிலம் 2020-இல் அந்த வயதை 21 ஆக உயர்த்தியது.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஒரு முறை இழுத்தால் பைத்தியம்" என்று மிரட்டாதீர்கள். இழுத்துவிட்டுத் தெளிவாகத் திரியும் ஒருவனைப் பார்த்ததும், நீங்கள் சொன்ன உண்மைகளும் பொய்யாகிவிடும். பிடிபட்ட மாணவனைப் பள்ளியிலிருந்து விரட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. விற்பவன் காத்திருக்கும் இடத்துக்கே அது அவனை அனுப்புகிறது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம்கூட, தானாக முன்வந்து அங்கீகாரம் பெற்ற மையத்தில் சிகிச்சை பெறும் அடிமைக்கு வழக்கிலிருந்து விலக்களிக்க இடம் வைத்திருக்கிறது.

உங்கள் நண்பன் ஒருவன் இதில் சிக்கியிருந்தால், 14446 என்ற அரசின் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நீங்களே பேசலாம்.