பேச்சும் ஓலையும்



அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் படிப்பிற்கு விண்ணப்பித்த மகளிடம், அங்குள்ள பேராசிரியர் ஒருவர், "உமக்கு இடம் உண்டு, கடிதம் பின்னர் வரும்" என்று வாய்மொழியாகக் கூறுகிறார். வீட்டில் மகிழ்ச்சி பொங்குகிறது. வாரங்கள் கடந்தும் கடிதம் வரவில்லை. மகிழ்ச்சி கலக்கமாகிறது.

தாமதத்தின் காரணத்தை அறிந்தால் பாதிக் கலக்கம் தீரும். மாணவரைத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் துறையின் குழு. சேர்க்கையை உறுதி செய்வதோ பட்டமேற்படிப்புக்கான தனி அலுவலகம். சான்றிதழ்களும், ஆங்கிலத் தேர்வின் முடிவும், உதவித்தொகைக்கான நிதியும் சரிபார்க்கப்பட வேண்டும். பெண் பேசி முடித்த பின்னரும் நம் கோயிலில் மூன்று முறை ஓலை வாசிக்கிறோம் அல்லவா? பேச்சில் ஐயங்கொண்டு அதைச் செய்வதில்லை, முறை அது.

எனினும், பேச்சு வேறு, ஓலை வேறு. 2025 மார்ச்சில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் சான் மருத்துவப் பள்ளி, அரசின் ஆராய்ச்சி நிதி நிச்சயமற்றுப் போனதால், முனைவர் பட்டப் படிப்பிற்குத் தான் அளித்திருந்த இடங்களைத் திரும்பப் பெற்றது. அளித்த இடத்திற்கே இந்நிலை நேருமாயின், வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பார்க்கும் வேலையை விடுவதும், வேறிடத்தை மறுப்பதும், நிலத்தை அடகு வைப்பதும் தகுமா? சேர்க்கை உறுதியான பின்னரே பல்கலைக்கழகம் ஐ-20 படிவத்தை அனுப்பும். அஃதின்றி மாணவர் விசா கிடையாது.

ஆகவே, உங்கள் மகள் அப்பேராசிரியருக்கு நன்றி கூறி மின்னஞ்சல் எழுதட்டும். முறையான கடிதம் எப்போது வரும், உதவித்தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்று பணிவுடன் கேட்கட்டும். கேட்பது அவமதிப்பு ஆகாது. வேறொரு பல்கலைக்கழகம் விடை கேட்டுக் காத்திருந்தால் அதையும் மறையாது தெரிவிக்கட்டும். உதவித்தொகையுடன் இடம் அளித்துவிட்டு, ஏப்ரல் 15-க்கு முன் விடை தருமாறு மாணவரை வற்புறுத்துவதில்லை என்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல தமக்குள் உடன்பட்டிருக்கின்றன. எனவே, அவசரப்பட்டு எவருக்கும் இசைவு தர வேண்டியதில்லை.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கடிதம் வருமுன் உற்றார் உறவினருக்கெல்லாம் பறைசாற்றாதீர்கள். இடம் கைநழுவினால், ஊரார் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்ல வேண்டியவள் உங்கள் மகளே. நாள்தோறும் "வந்துவிட்டதா?" என்று கேட்டு அவளை வாட்டாதீர்கள். அவளும் உங்களைப் போலவே காத்திருக்கிறாள். வந்தாலும் வராவிட்டாலும் அவள் கற்ற கல்வி அவளுடையதே என்பதை இப்போதே அவளுக்குச் சொல்லிவையுங்கள்.