கை அளவு போதாது

என் பேரன் மூன்று மாதமாக ஆன்லைனில் ஒவ்வொரு பாகமாக வரவழைத்து, சேலத்தில் எங்கள் வீட்டுக் கூடத்திலேயே ஒரு கார்பன் ரோடு சைக்கிளைப் பூட்டினான். எடை 8 கிலோதான். நான் ஆபீசுக்கு மிதித்த இரும்பு வண்டியில் பாதிகூட இல்லை.

நாற்பது வருஷம் சொந்த சைக்கிளைக் கழற்றிப் பூட்டிய கை இது. சும்மா இருக்குமா? "தாத்தா, போதும்" என்று அவன் சொல்லச் சொல்ல, சீட் போஸ்ட் போல்ட்டை இன்னும் அரைச் சுற்று முடுக்கினேன். 'டிக்' என்றொரு சத்தம். போஸ்டில் மயிரிழை விரிசல்.

இரும்பு வளைந்து காட்டும். கார்பன் பெரும்பாலும் சொல்லாமலே உடையும். போல்ட் பக்கத்திலேயே 5 நியூட்டன் மீட்டர் என்று அச்சிட்டிருந்தது, நான்தான் பார்க்கவில்லை. அந்த அளவு வந்ததும் உணர்த்துவதற்கு டார்க் ரெஞ்ச் இருக்கிறது. போஸ்டுக்குக் கிரீஸும் கூடாது; வழுக்காமல் பிடிக்கும் கார்பன் பேஸ்ட்தான் பூச வேண்டும்.

வீட்டில் பூட்டுவதை நான் குறை சொல்லமாட்டேன். தன் வண்டியின் ஒவ்வொரு திருகும் அவனுக்குத் தெரியும். ஆனால் விலை உயர்ந்த சக்கரம் வாங்குமுன் அந்த ரெஞ்சை வாங்குங்கள். அனுபவம் அதற்கு ஈடல்ல.

நல்லவேளை, விரிசல் கூடத்தில் விட்டது. ஏற்காடு இறக்கத்தில் விட்டிருந்தால்?