மண்ணுக்குள் மறைந்த யமன்

புதைந்து கிடக்கும் உலோகத்தை எத்தனை ஆழத்தில் கண்டுபிடிக்கலாம்? புதையல் தேடும் தனவந்தனுக்கு இது வேடிக்கைக் கேள்வி. யுத்தம் நடந்த பூமியில் சொந்தக் காணியில் கால் வைக்க அஞ்சி நிற்கும் குடியானவனுக்கோ இது உயிர்க் கேள்வி. வட இலங்கையில் 2009-ம் வருஷம் மே மாதத்தில் யுத்தம் ஓய்ந்தது. மண்ணுக்குள் புதைத்த மிதிவெடிகள் ஓயவில்லை.

உலோகம் காட்டும் கருவியைப் பற்றி ஜனங்களிடையே மிகையான நம்பிக்கை நிலவுகிறது. பூமியை ஊடுருவிப் பார்க்கும் ஞானக்கண் அன்று அது. கம்பிச் சுருளில் ஓடும் மின்சாரம் மண்ணுக்குள் காந்த சக்தியைச் செலுத்துகிறது. அங்குள்ள உலோகம் அதற்கு மறுகுரல் கொடுக்கிறது. அவ்வளவே. ஆழம் பெருகப் பெருக அக்குரல் வெகு விரைவில் தேய்கிறது. சாதாரணக் கைக்கருவிக்கு ஒரு நாணயம் ஓரடி ஆழத்தில் அகப்படுவதே அரிது. பெரிய இரும்புப் பெட்டியானால் மூன்றடி வரையில் தெரியலாம். இரும்புச் சத்து மிகுந்த செம்மண்ணோ, தானே குரல் கொடுத்துக் கருவியை மயக்குகிறது.

மிதிவெடி வெகு ஆழத்தில் இருப்பதன்று. சில அங்குலத்துக்குள்ளேயே கிடப்பது. பின் ஏன் எளிதில் அகப்படுவதில்லை? அதன் உடல் பெரும்பாலும் பிளாஸ்டிக். வெடிக்கச் செய்யும் ஊசி போன்ற சில துணுக்குகளே உலோகம். சில வகைகளில் அது ஒரு கிராம்கூடத் தேறாது. அவ்வளவு மெல்லிய குரலும் கேட்கும்படி கருவியைக் கூர்மையாக்கினாலோ, மண்ணிலுள்ள ஒவ்வோர் ஆணியும் தோட்டாக் கூடும் கூவும். கூவிய இடத்திலெல்லாம் ஒருவன் மண்டியிட்டு மண்ணை விரல் விரலாய்ச் சுரண்ட வேண்டும். இது கருவியின் குறையன்று. கருவியை ஏமாற்ற மனித புத்தி செய்த சூது.

1996-ல் திருத்தப்பெற்ற சர்வதேச உடன்படிக்கை, மிதிவெடி ஒவ்வொன்றும் குறைந்தது 8 கிராம் இரும்புக்குச் சமமான குரல் கொடுக்க வேண்டுமென விதித்தது. இந்தியாவும் அதை ஏற்றது. யமனைப் புதைக்கலாம், ஆனால் அகப்படும்படி புதை என்பது என்ன தர்மம்? 1997-ல் ஒட்டாவா நகரில் கையெழுத்தான உடன்படிக்கையோ மிதிவெடியை அடியோடு விலக்கியது. இலங்கை 2017-ல் அதில் சேர்ந்து, 2028-க்குள் தன் நிலத்தைச் சுத்தம் செய்யும் கடமையை ஏற்றது. இந்திய சர்க்கார் இன்னும் சேரவில்லை.

நீண்ட எல்லையைக் காக்க இது அவசியம் என்கிறார்கள். 2001-2002-ல் பாகிஸ்தான் எல்லை நெடுகப் புதைத்த வெடிகளால் அவயவம் இழந்தவர்கள் யார்? நம் சிப்பாய்களும் நம் குடியானவர்களுமே. தேசத்தின் எல்லையைக் காக்க வேண்டும் என்பதில் நாம் யாருக்கும் பின்வாங்குபவரல்லர். ஆயினும் பகைவனையும் ஆடு மேய்க்கும் சிறுவனையும் பிரித்தறியாத ஆயுதம் காவலாகாது.

இந்தியா தாமதமின்றி ஒட்டாவா உடன்படிக்கையில் சேர வேண்டும். புதைப்பதற்கு ஒரு நிமிஷம். எடுப்பதற்கு ஒரு தலைமுறை. எந்தக் கருவியாலும் இக்கணக்கை நேராக்க முடியாது, புதையாதிருப்பதே வழி.