பாதத்திற்கேற்ற துடுப்பு

இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு வயற்கிணற்றில் குதித்து நீந்தக் கற்ற தலைமுறையினர் திருப்புட்குழியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் இன்னும் உள்ளனர். அவர்களே இன்று முழங்கால் வலியோடு எம்மிடம் வருகின்றனர். மார்பளவு நீரில் நிற்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே கால்கள் தாங்குகின்றன. ஆதலால் மருத்துவர் நீர்ப்பயிற்சியைப் பரிந்துரைக்கிறார். உடனே பிள்ளைகள் கடைக்குச் சென்று, இருப்பவற்றுள் நீளமான துடுப்புக் காலணியை வாங்கி வந்துவிடுகின்றனர். கடைக்காரர் அதனை 'ஃபின்ஸ்' என்பார்.

இந்த அவசரம் தவறு என்பதே என் கருத்து. அலகு நீண்டும் விறைத்தும் இருப்பின், ஒவ்வோர் உதைக்கும் அது தள்ளும் நீர் மிகுதி. அச்சுமை முழுவதும் கணுக்காலிலும் கெண்டைச்சதையிலும் முழங்காலிலும் இறங்குகிறது. கடலில் மூழ்குவோர்க்கென அமைந்த கருவி அது. நோயுற்று மீள்வோர்க்குக் குட்டையான, வளையும் தன்மையுள்ள அலகே போதும். அதனை அணிந்தால் கால் தன் இயல்பான வேகத்திலேயே அசையும். உதை இடுப்பிலிருந்து எழவேண்டும். முழங்காலை மடக்கி உதைப்பவர்க்கு எந்தத் துடுப்பும் உதவாது.

அளவு குறித்தும் ஒரு சொல். வளரும் பிள்ளைக்குச் சட்டை எடுப்பதுபோல் ஓர் அளவு பெரிதாக வாங்குதல் கூடாது. தளர்ந்த காலணி குதிகாலை உராய்ந்து கொப்புளமாக்கும். இறுகியதோ விரல்களை நெரித்துத் தசைப்பிடிப்பைத் தரும். நீரிழிவால் பாத உணர்வு குன்றியோர்க்கு அக்கொப்புளம் வலியே தராமல் புண்ணாகிவிடும். அவர்கள் மருத்துவரின் இசைவின்றி இதனை அணியலாகாது என்பதில் நான் சிறிதும் தளரமாட்டேன். உடனிருப்போர் பயிற்சிக்குப்பின் விரலிடுக்கு வரை பார்த்தல் வேண்டும். ஆறாத புண் உள்ளவர் குளத்தில் இறங்கவே கூடாது. துடுப்பைக் கரையில் அமர்ந்தே மாட்டுக. அணிந்துகொண்டு ஈரத் தரையில் நடந்து விழுந்தால், சிகிச்சையை மீண்டும் முதலிலிருந்து தொடங்க நேரும்.

துடுப்பு இல்லாவிடில் நீர்ப்பயிற்சியே இல்லை என்று எண்ணுவோரும் உளர். 1965ஆம் ஆண்டுப் போரில் குண்டடி பட்ட படைவீரர் முரளிகாந்த் பேட்கர், 1972இல் ஹைடல்பர்க் பாராலிம்பிக்கில் 50 மீட்டர் நீச்சலில் தங்கம் வென்றார். பாராலிம்பிக் நீச்சற்போட்டிகளில் துடுப்புக்கு இடமேயில்லை.

எம்மிடம் வந்த அம்மையார் ஒருவருக்கு வெளிநாட்டிலுள்ள மகன் மூழ்குவோர் அணியும் நீண்ட துடுப்பை அன்போடு அனுப்பியிருந்தார். இரண்டாம் நாளே கெண்டைச்சதை பிடித்துக்கொண்டது. இப்போது அவர் குட்டைத் துடுப்பணிந்து, குளத்தின் விளிம்பைப் பற்றியவாறு பத்து நிமிடம் மட்டும் உதைக்கிறார். மகனுக்கு இதுவரை அதனைச் சொல்லவில்லை.