தேடினால் கிடைக்க வேண்டிய புத்தகங்கள்

சிறு பதிப்பகம் ஒன்றை நடத்திவரும் நண்பர் சென்ற மாதம் வீட்டுக்கு வந்திருந்தார். இதுவரை 140 நூல்கள் வெளியிட்டிருக்கிறார். பாதிக்கு மேல் சிறுகதையும் கவிதையும். நான்கு ஆண்டுகளாகச் சொந்தமாக ஓர் இணையக் கடையும் வைத்திருக்கிறார். கைப்பேசியை என்னிடம் நீட்டி, தாம் மறுபதிப்புச் செய்த ஒரு சிறுகதைத் தொகுப்பின் பெயரைத் தேடிப் பார்க்கச் சொன்னார். முதலில் வந்தது அந்நூலின் திருட்டு மின்பிரதி. அடுத்து ஒரு பழைய புத்தகக் கடை. அதற்கும் கீழே, பெரிய விற்பனைத் தளம் ஒன்றில் ‘இருப்பில் இல்லை’ என்ற அறிவிப்பு. நண்பரின் கடை மூன்றாம் பக்கத்தில் கிடந்தது. “அச்சடித்த 300 பிரதியில் 200க்கு மேல் என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. உலகத்துக்கோ அது இருப்பில் இல்லை” என்றார்.

இதற்கு மருந்து தேடி அவர் ஏற்கெனவே செலவு செய்திருந்தார். தேடுபொறியில் முதலிடம் பெற்றுத் தருவதாக உறுதி கூறிய ஒரு நிறுவனத்துக்கு ஆறு மாதம் பணம் கட்டியிருக்கிறார். அவர்கள் செய்தது இரண்டு வேலை. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘தமிழ் நாவல், சிறந்த தமிழ் நாவல், தமிழ் நாவல் வாங்க’ என்று மந்திரம்போல் ஒரு பத்தியைச் சேர்த்தார்கள். இலக்கியத்துக்குத் தொடர்பே இல்லாத ஏதேதோ தளங்களிலிருந்து அவருடைய கடைக்குச் சுட்டிகள் வாங்கிக் கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில் கடை இரண்டாம் பக்கத்திலிருந்து மூன்றாம் பக்கத்துக்கு இறங்கியிருந்தது.

இதில் வியப்படைய ஒன்றுமில்லை. 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் முன்வைத்த அடிப்படை எண்ணம், ஆய்வுலகில் மேற்கோள்களுக்கு உள்ள மதிப்பைப் போன்றது. ஒரு பக்கத்தை வேறு பலர் சுட்டினால் அது மதிப்புள்ளது. சுட்டுபவரே மதிப்புள்ளவராக இருந்தால் இன்னும் மதிப்புள்ளது. நம் சூழலில் நல்ல வாசகர் ஒருவர் சொல்லும் பரிந்துரைக்கு இருக்கும் எடைதான் இதுவும். பரிந்துரையை விலைக்கு வாங்கலாம் என்று தெரிந்ததும் வாங்குவோர் பெருகினர், தேடுபொறிகளும் விழித்துக்கொண்டன. பக்கத்துக்குள் மறைவாக எழுதிவைக்கும் குறிச்சொற்பட்டியலைத் தரவரிசைக்குப் பொருட்படுத்துவதில்லை என்று கூகிள் 2009இலேயே அறிவித்துவிட்டது. 2011 பிப்ரவரியில் ஜே.சி. பென்னி என்ற பெரும் அமெரிக்க அங்காடிக்குக் காசு கொடுத்துச் சுட்டிகள் சேர்க்கப்பட்டிருந்ததை நியூயார்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. அந்த அங்காடியின் தரவரிசை சரிந்தது. அதே மாதத்தில் உள்ளீடற்ற பக்கங்களும், 2012இல் செயற்கைச் சுட்டிகளும் பெரிய அளவில் தண்டிக்கப்பட்டன. முதலிடத்துக்கு எவராலும் உத்தரவாதம் தர இயலாது என்பது கூகிளே தன் வழிகாட்டிக் குறிப்புகளில் சொல்லியிருப்பது. ஆயினும் அந்த உத்தரவாதம் இன்றும் விலைபோகிறது.

நண்பரின் கடையைப் பொறுமையாகச் சுற்றிப் பார்த்தபோது நோய் வேறிடத்தில் இருப்பது தெரிந்தது. புத்தகத்தின் பக்கத்தில் ஓர் அட்டைப்படம், விலை, ‘வாங்க’ என்ற பொத்தான், அவ்வளவே. எழுதப்பட்ட வரி ஒன்றுகூட இல்லாத பக்கங்களே அதிகம். பின்னட்டைக் குறிப்பு இருந்த சில பக்கங்களிலும், அதே குறிப்பு வேறு பத்துக் கடைகளில் எழுத்து மாறாமல் இருந்தது. சில குறிப்புகள் பக்கம் வடிவமைத்த கோப்பிலிருந்து பழைய எழுத்துருவிலேயே ஒட்டப்பட்டவை. நமக்கே அவை வெறும் குறிகளாகத் தெரிகின்றன. ஒருங்குறியில் இல்லாத தமிழ் தேடுபொறிக்குத் தமிழே அன்று. விலைவரிசை, ஆசிரியர் வரிசை, வகைவரிசை என்று ஒரே புத்தகத்துக்கு ஐந்தாறு முகவரிகள். எது மூலப் பக்கம் என்று அறிவிக்கும் குறியீடு 2009 முதல் உள்ளது, அது இடப்படவில்லை. விற்றுத் தீர்ந்த நூல்களின் பக்கங்களை அழித்தேவிட்டார்கள். அவற்றைச் சுட்டி எவரோ என்றோ எழுதிய மதிப்புரைகள் எல்லாம் இப்போது வெற்றிடத்தைச் சுட்டிக்கொண்டிருக்கின்றன.

என் கருத்து இதுதான்: நம் புத்தகக் கடைகளுக்குத் தேவை தேடுபொறி வித்தகர் அல்லர், நல்ல நூற்பட்டியல் எழுதத் தெரிந்த ஒருவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியான தமது நூலில் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பது இன்னொன்று. கணினி வருவதற்கு முன்னே சொல்லப்பட்ட இவ்விரண்டையும் விடத் தெளிவாக இணையக் கடைக்கு எவரும் இன்றுவரை அறிவுரை சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு என்ன எழுதலாம்? முதலில், உள்ளே இருக்கும் கதைகளின் தலைப்புகள் அனைத்தும். வாசகருக்குத் தொகுப்பின் பெயர் பெரும்பாலும் நினைவிருப்பதில்லை. கல்லூரிப் பாடத்தில் படித்த ஒரு கதையின் பெயரைத்தான் தேடுவார். அடுத்து, முதற்பதிப்பு ஆண்டு, இப்பதிப்பின் ஆண்டு, பதிப்பாசிரியர், பக்க எண்ணிக்கை, பதின்மூன்று இலக்க நூல் எண். பிறகு ஆசிரியரின் பெயர் வழங்கும் எல்லா வடிவங்களும். கி.ரா. என்று தேடுபவரும் கி. ராஜநாராயணன் என்று தேடுபவரும், லா.ச.ரா. என்பவரும் லா.ச. ராமாமிருதம் என்பவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர வேண்டும். ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்பவருக்காக அந்த எழுத்துகளிலும் ஒருமுறை பெயர் இருக்கட்டும். இவற்றோடு, நூலைப் படித்த ஒருவர் அதைப் பற்றித் தம் சொற்களில் எழுதிய இருநூறு சொற்கள். இந்தக் கடைசி அம்சம்தான் எந்த நிறுவனத்திடமும் விலைக்குக் கிடைக்காதது. 140 நூல்களையும் படித்தவர் பதிப்பாளர் ஒருவரே.

“எழுத்தைக் கடைச்சரக்காக்கும் வேலை இது, நல்ல நூல் தன் வாசகரைத் தானே தேடிக்கொள்ளும்” என்று இலக்கிய அன்பர்கள் சிலர் சொல்வதுண்டு. சி.சு. செல்லப்பா அப்படி நினைக்கவில்லை. ‘எழுத்து’ வெளியீடுகளைத் தாமே சுமந்து ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சென்று விற்றவர் அவர். அந்தச் சுமையோடு ஒப்பிட்டால் ஒரு புத்தகத்துக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து எழுதுவது பெரிய காரியமா?

இதனால் எல்லாம் கைகூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. ‘தமிழ் நாவல்’ என்று பொதுவாகத் தேடினால் பெருங்கடைகளே முன்னிற்கும். சிறு பதிப்பகம் அங்கே போட்டியிடுவது வீண். ஒரு குறிப்பிட்ட நூல், ஒரு குறிப்பிட்ட கதை, மறக்கப்பட்ட ஓர் ஆசிரியர் என்ற இடங்களில்தான் அதற்கு வெல்லும் வாய்ப்பு உண்டு. இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 2024 முதல் கூகிள், பல தேடல்களில் இயந்திரம் எழுதிய சுருக்கத்தை முடிவுகளுக்கு மேலே காட்டுகிறது. அதைப் படித்ததோடு திரும்பிவிடுபவர் கடைக்குள் வருவதில்லை. ஆனால் அந்தச் சுருக்கமும் யாரோ எழுதிவைத்த பக்கங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. பதிப்பாளர் எழுதாவிட்டால், அரைகுறையாகத் தெரிந்த எவரோ எழுதியதே அந்நூலைப் பற்றிய செய்தியாக நிலைக்கும்.

கடைசியாக, இதில் வாசகராகிய நமக்கும் பங்கு உண்டு. ஒரு புத்தகம் பிடித்துவிட்டால் அதன் அட்டையைப் படமெடுத்து முகநூலிலோ வாட்ஸப் குழுவிலோ போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மறுநாள் அது அடியில் போய்விடுகிறது. அதையே வலைப்பதிவில் நான்கு பத்தியாக எழுதி, பதிப்பகத்தின் பக்கத்துக்குச் சுட்டி கொடுத்தால், அந்த நூலுக்கு விலைகொடுத்து வாங்க முடியாத பரிந்துரை ஒன்று கிடைக்கிறது. மதிப்புரை எழுதும் நண்பர்கள் இதை ஒரு வழக்கமாகவே கொள்ள வேண்டும் என்பது என் விண்ணப்பம்.

நண்பர் எழுதத் தொடங்கிவிட்டார். இதுவரை பதினொரு நூல்களுக்கு முடித்திருக்கிறார். திருட்டுப் பிரதி இன்னும் மேலேதான் இருக்கிறது. போன வாரம் மட்டும், அந்தத் தொகுப்பிலுள்ள ஒரு கதையின் பெயரைத் தேடி வந்த ஒருவர் இரண்டு பிரதிகள் கேட்டு எழுதியிருந்தாராம். கட்டிலுக்கடியில் குனிந்து எடுத்தேன் என்று தொலைபேசியில் சொன்னார். குரலில் மகிழ்ச்சி இருந்தது.