அப்பாவை நடக்க விடுங்கள்!

இருதயக் குழாயின் அடைப்பை நீக்கி, 'ஸ்டெண்ட்' என்னும் கம்பிவலைக் குழல் வைத்து, அப்பாவை வார்டுக்குக் கொண்டு வந்தாயிற்று. அன்று மாலையே தாதி வந்து, "எழுந்து நடங்கள், ஐயா" என்கிறார். அம்மாவுக்குத் திக்கென்கிறது. "இருதயத்தில் கை வைத்தவரை நடக்கச் சொல்வதா?" என்று சண்டைக்கே போய்விடுகிறார்!

அந்தப் பயம் நியாயமானதே. முன்பு மாரடைப்பு வந்தவர்களை ஆறு வாரம் வரைகூட அசையாமல் படுக்க வைத்தார்கள். காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி நுரையீரலை அடைத்து இறந்தவர்களும் உண்டு. 1952-இல் அமெரிக்காவில் லெவின், லவுன் என்ற இரு டாக்டர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்துக் காட்டிய பிறகே அந்த வழக்கம் தளர்ந்தது.

இந்தச் சிகிச்சையில் நெஞ்சை அறுப்பதில்லை. மணிக்கட்டில் துளையிட்டிருந்தால் சில மணி நேரத்தில் நடக்கலாம். தொடையில் என்றால் தாதி சொல்லும்வரை காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் இரத்தம் பீறிடும். எழும்போது முதலில் கட்டில் ஓரத்தில் உட்காரட்டும். தலை சுற்றாவிட்டால் நடக்கட்டும்.

வீட்டுக்கு வந்தபின் நடை வேறு, பாரம் வேறு. ஒரு வாரமாவது பால் வாளி, தண்ணீர் வாளி எதையும் தூக்க விடாதீர்கள். செம்பனைக் குலை வெட்டப் போகும் நாளை டாக்டர்தான் சொல்ல வேண்டும், மண்டோர் அல்ல! துளையில் இரத்தம் கசிந்தால் படுக்க வைத்து, அழுத்திப் பிடித்தபடியே 999-ஐ அழையுங்கள். நெஞ்சு வலித்தாலும் உடனே அழையுங்கள்.

"நன்றாகத்தானே நடக்கிறார்" என்று மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஸ்டெண்டுக்குள் இரத்தம் உறைந்து மீண்டும் அடைத்துவிடும்.