பூஜ்ஜியத்துக்கும் கைதட்டுங்கள்!



2025 நவம்பர், டிசம்பரில் ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி சென்னையிலும் நம்ம மதுரையிலும் நடந்தது. லீக் சுற்றில் இந்தியா சிலியை 7-0, ஓமனை 17-0, சுவிட்சர்லாந்தை 5-0 என்று ஜெயித்தது. கடைசி இரண்டு ஆட்டமும் மதுரையில்தான். ஒரு வாரம் முழுக்க வகுப்பில் "பதினேழு கோல்டா!" என்றே பேச்சு. மூன்று ஆட்டத்திலும் பக்கத்தில் இருந்த அந்த 0-வைப் பற்றி ஒருத்தர்கூடப் பேசவில்லை.

1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் இந்தியா முதன்முதலாக ஹாக்கியில் தங்கம் வாங்கியது. 5 ஆட்டம், 29 கோல். அதில் 14 கோல் தியான் சந்த் அடித்தது. அவர் பெயர் நம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த 5 ஆட்டத்திலும் ஒரு கோல்கூட விடாத கீப்பர் யார்? ரிச்சர்ட் ஆலன். எத்தனை பேருக்குத் தெரியும், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு ஆட்டம். எதிரணியை ஒரு ரன்கூட எடுக்கவிடாமல் ஜெயித்தால் அதற்கு 'ஷட்-அவுட்' என்று பெயர். முழு ஆட்டத்துக்கும் ஒருவரே பந்து வீசியிருந்தால் அது அவர் பெயரிலேயே கணக்கில் ஏறிவிடும். வால்டர் ஜான்சன் என்பவர் 1907 முதல் 1927 வரை ஆடி 110 ஷட்-அவுட் எடுத்திருக்கிறார். இன்றுவரை அதை யாரும் முறியடிக்கவில்லை. அங்கே பூஜ்ஜியத்துக்கும் கணக்கு நோட்டு இருக்கிறது. நம்மிடம் கோல் அடித்தவனுக்கு மட்டும்தான் இருக்கிறது.

"17 கோல் அடிக்கிற ஆட்டத்தில் கீப்பர் சும்மாதானே நிக்கிறார்?" என்று சிலர் கேட்கலாம். சரி, அன்று அவருக்கு வேலை குறைவுதான். ஆனால் 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கைப் பாருங்கள். இந்தியா மொத்தம் 38 கோல் போட்டது, ஒன்றுகூட வாங்கவில்லை. முதலில் 14-0, 16-0 என்று சுலபமாக ஜெயித்த அணி, அரையிறுதியில் ஜெர்மனியையும் இறுதியில் பாகிஸ்தானையும் 1-0 என்றுதான் ஜெயித்தது. இறுதி ஆட்டத்தில் கோல் முன்னால் சங்கர் லட்சுமண் நம்ம யானைமலை மாதிரி அசையாமல் நின்றார். அன்று ஒரு பந்து உள்ளே போயிருந்தாலும் 1-1 ஆகியிருக்கும். அந்தத் தங்கத்தில் பாதி அந்தப் பூஜ்ஜியத்துக்குச் சொந்தம் என்பது என் கருத்து.

இப்போ நம்ம மைதானத்துக்கு வருவோம். அணி பிரிக்கும்போது யார் கீப்பர்? ஓடத் தெரியாதவன், இல்லைன்னா வயசில் சின்னவன். "டேய், நீ போய் கோல்ல நில்லுடா!" ஒன்பது பந்தைத் தடுத்தால் யாரும் பார்ப்பதில்லை. பத்தாவது உள்ளே போனால் எல்லாரும் சேர்ந்து திட்டுகிறோம். அப்புறம் யாருக்குத்தான் கீப்பராக ஆசை வரும்?

வீட்டிலும் அப்படித்தானே? குழம்பு நன்றாக இருந்தால் யாரும் வாயைத் திறப்பதில்லை. ஒருநாள் உப்பு கூடினால் மட்டும் அம்மா பெயர் ஞாபகம் வருகிறது!

ஆகவே விளையாட்டு ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வருகிற விளையாட்டு விழாவில், அதிக கோல் போட்டவருக்குக் கொடுப்பதுபோல, குறைவாகக் கோல் விட்ட கீப்பருக்கும் ஒரு பரிசு கொடுங்கள் ஐயா. ஒரு பேனா போதும்.

நண்பர்களே, அடுத்த ஆட்டத்தில் கீப்பர் ஒரு பந்தைத் தடுத்தால் ஒரு தடவை கைதட்டிப் பாருங்கள். மறுநாள் கோலில் நிற்க இரண்டு பேர் வருவார்கள்!

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவன்